திட்டுக்கு வந்த நரி

வைகாசியில் ஏரி வற்றியபோது
திட்டு தீவாக இருப்பதை நிறுத்திக்கொண்டது.
சூளூர்ப்பேட்டைக்கு டிராக்டரிலேயே போய்வந்தார்கள்.
உப்புப் பொருக்கில் சக்கரத் தடம்,
அதை ஒட்டியே ஒரு நரியின் காலடி.
வந்ததற்குத்தான் தடம்.
போனதற்கு இல்லை.

நான் பறவை எண்ணுகிறவள்.
நாளுக்கு நானூற்றைம்பது, படகு டீசல் தனி.
படிவம் தெலுங்கில் இருக்கும்;
ராஜஹம்ச என்ற கட்டத்தில்
என் பூநாரைகளை இறக்குவேன்.
கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி,
கட்டைவிரல் மறைப்பது நூறு என்று வைத்து
முப்பத்தோரு விரல்.
கூழைக்கடாவுக்கு விரல் வேண்டாம்,
ஒவ்வொன்றும் ஆளைப் பார்த்து முறைக்கும்.

ஐப்பசி மழையில் முகத்துவாரம் உடைந்து
நாலு பக்கமும் தண்ணீர்.
நரி உள்ளே மாட்டிக்கொண்டது.
நண்டு தின்றது. பனம்பழம் நார் நாராய் உரித்தது.
ராத்திரியில் தாழம்புதர்ப் பக்கமிருந்து
ஒரே ஒரு குரல்.
"ஒண்டி நக்கம்மா இது" என்றாள் செஞ்சம்மா,
இறால் தடவும் கைகள் சேற்றுக்குள்,
பறி பல்லிடுக்கில்;
அதைக் கடித்தபடியே பேசுவாள்.

படிவத்தில் குறிப்பு என்றொரு பத்தி,
விரற்கடை அகலம்.
நரி, ஒன்று என்று எழுதினேன்.
ரேஞ்சர் சிவப்பு மையில் அடித்தார்:
இது பறவைக் கணக்கு.

அவர் சொன்னது சரிதான்.
ஆனால் உமரி படர்ந்த மேட்டில்
அது வந்த புதிதில் போட்டுப்போன எச்சம்
மழையில் கரைந்த இடத்தில்
ஏழு கன்றுகள்.
இலையைக் கிள்ளினேன், பால் கசிந்தது.
பாலை.
அக்கரைக் காட்டுப் பழம்.
திட்டில் அந்த மரம் ஒன்றுகூடக் கிடையாது.
வயிற்றில் ஒரு காட்டைச் சுமந்துகொண்டு
டிராக்டர் தடத்தோடு நடந்து வந்திருக்கிறது.

ஆடு மேயாதிருக்க
சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் அடைத்தேன்.
கை கிழிந்தது.
மறுநாள் பார்த்தால் ஆறு.
ஒன்றை எது தின்றதென்று தெரியவில்லை.

இப்போது மாசி.
இந்த வருஷமும் வற்றிவிடுமோ என்று
வலைக்காரர்கள் தினமும் கழியை ஊன்றிப் பார்க்கிறார்கள்.
வற்றினால் இறால் இல்லை,
என் முப்பத்தோரு விரலும் இல்லை.
வற்றாவிட்டால்,
தாழம்புதருக்குள் அந்த ஒற்றைக் குரல்.

சாமியிடம் எதைக் கேட்பது?
படகிலிருந்து நானும் கழியை இறக்கிப் பார்த்தேன்.
முழங்கால் ஆழம்.
நரிக்கு அது கழுத்துக்கு மேல்.