கழிவு போக

கூட்டுறவு சங்கத்தில் நகை மதிப்பீட்டாளர் நான்.
பாபநாசம். பதினாறு வருஷம்.
எதைக் கையில் வாங்கினாலும்
முதலில் மனசுக்குள் அதை விற்றுப் பார்ப்பேன்.
கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதே வேலை:
எதிர் இலைக்காரியின் ஆரத்தில்
அரக்குக்கு இவ்வளவு, கல்லுக்கு இவ்வளவு,
கழிவு போக இவ்வளவு.

நாற்பத்து மூன்று வயதில்
பிடில் கற்கப் போகிறேன் என்றதும்
அண்ணன் இஞ்ஞாசி சொன்னார்:
"கம்பெனி பிடிலா வாங்கு பிலோமி,
நாளைக்கே விட்டாலும் போட்ட காசு வந்துரும்."
நாளைக்கே விட்டுவிடுவேன் என்பதில்
எல்லோருக்கும் எவ்வளவு நம்பிக்கை.

ஆனாலும் நான் சிரிக்கவில்லை.
போன ஆவணியில்,
சம்பா நாற்றங்காலுக்குப் பணம் தேடி ஊரே வரிசையில் நின்ற வாரம்,
பேண்டு செட் அப்பாவு
சாக்ஸபோனைப் பெட்டியோடு கவுண்டரில் வைத்தார்.
பித்தளைக்கு விதியில் இடமில்லை என்றேன்.
ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டு போனார்.
மத்தியானம் அவர் மனைவி வந்தாள்.
தோடு. நாலு கிராம் முந்நூறு மில்லி.
வலது திருகு கழலவில்லை,
சோப்புத் தண்ணீர் விட்டு நான்தான் கழற்றினேன்.
ஓட்டையில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு
நாற்றுப் பறிக்கிறவர்களுக்குக் கூலி கொடுக்கப் போனாள்.
இதைப் பார்த்த பிறகு
இசைக்கு விலை உண்டா என்று
மேடையில் கேட்பது போல என்னால் கேட்க முடியாது.

தஞ்சாவூர் கீழவாசலில் இரண்டு பிடில் காட்டினார் ஃபரீத் பாய்.
ஒன்று புதுசு, பில்லும் உண்டு.
இன்னொன்றில், தாடை படுகிற இடத்துக்குக் கீழே
காம்பஸ் முள்ளால் கீறியிருந்தது:
ஜெசிந்தா, ஒன்பது பி.
"இந்தப் பேரு மட்டும் இல்லேன்னா பன்னெண்டாயிரம் போகும்மா.
பேருக்கு அஞ்சாயிரம் தள்ளித் தர்றேன்."

எத்தனையோ மோதிரங்களில் பெயர் படித்திருக்கிறேன்.
உருக்கும்போது
பெயருக்கு எடை கிடையாது.
ஐயாயிரம் எடையுள்ள ஒரு பெயரை
அன்றுதான் பார்த்தேன்.

இரண்டையும் வில் போட்டுக் காட்டினார்.
எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.
காதுக்கு ஏது உரைகல்?
பேர் போட்டதையே வாங்கினேன்.
மலிவு என்றுதான். சத்தியமாக.

மூன்று மாதம்.
பக்கத்து வயலில் மோட்டார் ஓடுகிற நேரமாகப் பார்த்து வாசிக்கிறேன்.
ச, ப நிற்கிறது. மற்றதெல்லாம்
கயிற்றில் கட்டிய ஆட்டுக்குட்டி.
நேற்று ராத்திரி மின்சாரம் போனது, மோட்டார் நின்றது.
நான் நிறுத்த மறந்துவிட்டேன்.
ஒரு ரி
தெரு முழுக்கக் கேட்கும்படி
சரியாக வந்து உட்கார்ந்தது.

விளக்கு வந்ததும்
ஆபீஸ் ஊசியை எடுத்து
ஜெசிந்தாவுக்குக் கீழே பிலோமி என்று கீறினேன்.
ஏழில் ஐந்து போனால் இரண்டு.
கணக்குப் போடாமல் இருக்க வரவில்லை எனக்கு.

தோடு இன்னும் எங்கள் பெட்டகத்தில்தான் இருக்கிறது.
வட்டி கட்ட வந்தவள் சொன்னாள்:
தையில் நாலு கல்யாணம் பேசியிருக்காம்,
சாக்ஸபோனுக்கு.