இடக்கை முடிச்சு

பனியருவி என்று நீங்கள் சொல்வது
எங்களுக்கு ஒரு தெரு.
மார்ச் பிறந்ததும் ஏணிகளோடு போய்
நாங்கள் ஆறு பேர் அதைப் போடுகிறோம்.
இரவில் அது புரண்டு படுக்கிறது.
காலையில் மறுபடி போடுகிறோம்.

கிளம்பும்முன் சுக்பா தழைப் புகை,
கன்னத்தில் வறுத்த பார்லி மாவு,
புலிமேல் அமர்ந்திருப்பவளிடம் ஒரு பேச்சு:
உன்மேல் இரும்பு முள்ளோடு ஏறுகிறோம்,
பொறுத்துக்கொள்.
வரம் கேட்பதில்லை.

இந்த வருடம் பருவம் முடிந்து
ஏணிகளைக் கழற்றி இறங்கும்போது
பனியாறு கல்லும் சேறும் துப்புகிற வாயில்
ஓர் ஏணி.
நாய் கடித்துப் போட்ட எலும்பு மாதிரி
நடுவில் வளைந்து, மூன்று படி இல்லாமல்.
முதலில் பார்த்தவன் சோங்பா.
என்னைக் கூப்பிடவில்லை.
கையைக் காட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான்.

ஓரத்தில் கயிறு. கயிற்றில் முடிச்சு.
நாங்கள் எல்லோரும் வலப்பக்கமாகச் சுற்றிக் கட்டுவோம்.
இது இடப்பக்கமாக.
இடக்கையால் ஏணி கட்டியவன்
எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.

பதினோரு வருடம்.
மலை அவனை வைத்துக்கொண்டு
ஏணியை மட்டும் அனுப்பியிருக்கிறது,
கடன் வாங்கியவர்கள்
பாத்திரத்தைக் கழுவி வாசலில் வைத்துவிட்டுப்
போவது போல.

அண்ணன் பெயரை நான் சொல்ல மாட்டேன்.
இறந்தவர் பெயரைச் சொன்னால்
போய்க்கொண்டிருப்பவர் திரும்பிப் பார்ப்பார்
என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.
இதில் ஒரு சிக்கல்.
எங்களில் பாதிப் பேருக்குப்
பிறந்த கிழமைதான் பெயர்.
அவன் பிறந்தது
புதனுக்கும் வெள்ளிக்கும் நடுவில்.

அண்ணி யாங்ஜின் அதன்பிறகு
அந்த நாளை எங்கள் மொழியில் சொன்னதில்லை.
கொஞ்ச நாள் ‘புதனுக்கு மறுநாள்’ என்றாள்.
பிறகு மகளின் பள்ளிப் புத்தகத்திலிருந்து
நேபாளிச் சொல்லை எடுத்துக்கொண்டாள்: பிஹிபார்.
பிஹிபார் அன்று மாவு தீர்ந்துவிடும்.
பிஹிபாருக்குள் மேகம் விலகாது.
ஷெர்பாக்களின் வாரத்துக்கு
ஆறு நாள்தான் என்று
சின்ன வயதில் செட்டென் நம்பியிருந்தாள்.

ஏணியை முதுகில் கட்டி இரண்டு நாள் நடந்தேன்.
மணிக்கல் சுவர்களை எல்லாம்
வலக்கைப் பக்கம் விட்டு, வளைந்து வளைந்து.
லொபுசேயில் ஒரு வெளிநாட்டுக்காரர்
படம் எடுத்துவிட்டு,
உச்சிக்கு எத்தனை தடவை போயிருக்கிறாய் என்றார்.
ஒரு தடவைகூட இல்லை,
என் வேலை இரண்டாம் முகாமோடு முடிகிறது என்றேன்.
படத்தை அழித்தாரோ என்னவோ.

உருளைக்கிழங்கு வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள் அண்ணி.
ஏணியைப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள்.
அழுவாள் என்று
என் முகத்தை நான் தயார் செய்துகொண்டேன்.

அவள் மண்ணிலேயே உட்கார்ந்து
நகத்தால் நெம்பினாள். அசையவில்லை.
பல்லால் இழுத்தாள்.
பிறகு கரண்டிக் காம்பைக் கொண்டுவரச் சொல்லிச் செருகி
அரை மணி நேரம்
மூச்சு மட்டும் கேட்டது.

அவிழ்ந்தது.
வெளியே வெளுத்த கயிறு
மடிப்புக்குள் இன்னும் நீலமாக இருந்தது,
நேற்றுக் கடையில் வாங்கியது போல.

“நல்ல கயிறு” என்றாள்.
“காளைக்கு ஆகும்.”
ஏணியைக் கூரையோடு சாத்தச் சொன்னாள்.
மேலே கொடிகள் நாராகத் தொங்குகின்றன,
மாற்ற வேண்டுமாம்.

என்றைக்கு, என்று கேட்டேன்.

சேற்றுக் கையை இடுப்புத் துணியில் துடைத்தபடி
“புர்பா” என்றாள்.

நாளைச் சொன்னாளா, ஆளைச் சொன்னாளா.
உள்ளேயிருந்து செட்டென் எட்டிப் பார்த்தாள்.

நான் ஏணியின் காலுக்கு ஒரு கல் கொடுத்து
ஆடுகிறதா என்று அசைத்தேன்.
ஆடியது.
இன்னொரு கல் வைத்தேன்.