ரயில் போகட்டும்

எங்கள் வீட்டில் பாதி வசனங்களை
ரயில் கொண்டுபோய்விடும்.

வெள்ளவத்தை, கடலுக்கு இறங்கும் ஒழுங்கை, மூன்றாம் மாடி.
பாணந்துறைக்கோ அளுத்கமைக்கோ ஏதோ ஒன்று
ஜன்னல் கண்ணாடியை உலுக்கிக்கொண்டு ஓடும்போது
யாரும் பேசுவதில்லை.
சொல் வாய்க்குள் நிற்கும், அகப்பை சட்டிக்குள் நிற்கும்.
போனபின் தமயந்தி விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்:
"...அப்ப கரண்ட் பில்லை நாளைக்குக் கட்டுவமே?"
என் மகள் தொடங்குவதில்லை.
"என்னவோ சொன்னாய், என்ன?" என்றால்
"ஒண்டுமில்லை."

பதினாறு வயதுக்குள்
எத்தனை ஒண்டுமில்லைகள்.
கூட்டி அள்ளினால் ஒரு கடகம் வரும்.

அன்று எட்டு மணி பதினேழு நிமிடம்.
மழை விட்டிருந்தது. வாசலில் அவள் சப்பாத்து நீர் கக்கியது.
கதவைப் பாதி திறந்து
மீதியை உடம்பால் அடைத்து நின்றேன்.
எங்கை போனனீ?
ஆரோடை?
எந்த பஸ்?
போனை ஏன் நிப்பாட்டி வைச்சிருந்தனீ?
பையில என்ன?

கடைசிக் கேள்வி எங்கிருந்து வந்ததென்று
எனக்கே தெரியாது.

அவள் அழவில்லை. கத்தவுமில்லை.
போன் உறையின் பின்புறம் நகத்தை விட்டு
போன மாதம் வந்த அடையாள அட்டையை இழுத்தெடுத்து
இரண்டு விரலால் நீட்டினாள்.
"இந்தாங்கோ. பாருங்கோ."

பகிடிதான். கோபத்தில் செய்த பகிடி.
ஆனால் என் கை அதை வாங்கிவிட்டது.
வாங்கியது மட்டுமா,
வெளிச்சத்துக்குப் பிடித்தது, பின்பக்கம் திருப்பியது.
மகேந்திரராசா யதுர்ஷா.
என் பெயரும் சேர்ந்தே இருந்தது.
படத்தைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன்,
மறுபடியும் படத்தை.
எத்தனை தரம் என் அட்டைக்கு இப்படி நடந்திருக்கிறது
இதே காலி வீதியில்,
பம்பலப்பிட்டியில், மணல் மூட்டைகளுக்கு இந்தப் பக்கம்.

குசினியில் குழாய்த் தண்ணீர் நின்றது.
எட்டிப் பார்த்த தமயந்திக்கு விளங்கிவிட்டது.
மகளுக்கு இல்லை.
எப்படி விளங்கும்?
அவள் தவழ்ந்த வருடம்
தடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
நாங்கள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை
பாசம் என்று வைத்திருந்தோம்.

பர்சிலிருந்து என்னுடையதை எடுத்தேன்.
ஓரம் பிரிந்து, பிளாஸ்டிக் மஞ்சளாகி.
சாப்பாட்டு மேசையில், சொதிக் கோப்பைக்குப் பக்கத்தில்
அவளுடையதை ஒட்டி வைத்தேன்.

"இது நீங்களா?"
சிரித்துவிட்டாள். மீசையைப் பார்த்துத்தான்.
பிறகு திருப்பினாள். பிறந்த இடம்: கரவெட்டி.
அவளுடையதில் கொழும்பு.
அவளுடையதில் மூன்று மொழி. என்னுடையதில் இரண்டு.
"அந்த ரெண்டாவதாலதான்
பஸ்ஸால இறக்கிறவங்கள்," என்றேன்.
"ஆரை?"
"என்னை."
"இறக்கிப்போட்டு?"
"கேப்பாங்கள். எங்கை போறாய், ஆரோடை,
பையில என்ன..."

அப்படியே நின்றுவிட்டேன்.
அவளும் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது பார்த்து ரயில்.
கோப்பைகள் நடுங்கின, சொதியில் வளையங்கள்.
அவள் வாய் அசைந்தது. நிறுத்தவில்லை,
இந்தத் தரம் நிறுத்தவில்லை.
நானும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஒருவருடையது மற்றவருக்குக் கேட்காமல்
கடைசிப் பெட்டி போகும்வரை
இரண்டு பேரும் பேசினோம்.

சத்தம் தெகிவளைப் பக்கம் தேய்ந்தது.
"என்ன சொன்னனீ?"
"நீங்கள் முதல் சொல்லுங்கோ."

ஆறின சோற்றைப் பத்தரைக்குத்தான் சாப்பிட்டோம்.

அன்று அவள் எங்கே போயிருந்தாள் என்பது
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
பிறகு நான் கேட்கவில்லை.
இப்போதெல்லாம் கதவை முழுதாகத் திறந்து
துவாயை நீட்டி
"நனைஞ்சிட்டியோ?" என்கிறேன்.
சில நாள் பதில் வரும்,
சட்டி கழுவி முடிந்த பிறகும் நீளும்.
சில நாள்
ஒண்டுமில்லை.