கலங்கல்

காய்ச்சல் நாலே நாளில் போய்விட்டது.
அதற்குப் பிறகு பாசி எடுக்க இறங்கினேன்;
குருசடைத் தீவு எட்டும் முன்பே
கை கால் என்னுடையதாக இல்லை.
இது எட்டாவது மாசம்.

மண்டபம் ஆஸ்பத்திரியில்
ரத்தம் நல்ல ரத்தம்தானாம்.
"வைரஸ் போயிருக்கும். அது கிளப்பிவிட்டது
இன்னும் அடங்காமல் இருக்கலாம்"
என்றார் சின்ன டாக்டர்.

இருக்கலாம்.
அந்த ஒரு சொல்லுக்கு பஸ் ஏறிப் போனதில்
மூன்று நாள் பாயோடு கிடந்தேன்.

விசைப்படகு கடந்த பிறகும்
அடிமண் எழும்பியே நிற்கும்.
நீர்க்கண்ணாடி போட்டாலும் பாசி தெரியாது.
படகைத் தேடினால்
படகும் இருக்காது.

விடியலில் சகாயம் கரையிலிருந்து கத்துகிறாள்:
"ஆரோக்கியம் வரலையா?"

என் பேர்தான்.
எழுந்து பதில் சொன்னால்
இன்றைக்குத் தலை சீவ முடியாது.