பன்னிரண்டு புள்ளி எட்டு எட்டு

வெளியே மைனஸ் பத்தொன்பது.
பால் லாரிகளின் மீசையில் பனி.
பைடே ஊரில் இன்னும் ஒரு ஜன்னல்கூட எரியவில்லை.
மூன்றாம் எண் குழாயிலிருந்து
உணரியைக் கழற்றிக் கையில் எடுக்கிறேன்.

மோதிரம் போல அதன் முனையில் ஒரு துளை.
ஓடுகிற எதுவும் அதற்குள் நுழைந்துதான்
தன் பெயரைச் சொல்லியாக வேண்டும்:
பாலா, சோடாவா, வெறும் தண்ணீரா.

முதலில் காற்று.
துடைத்து உலர்த்தி அந்தரத்தில் பிடிக்கிறேன்.
பூஜ்யம் காட்ட வேண்டும், காட்டுகிறது.
ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லை என்று சொல்ல
அதற்குத் தயக்கமே கிடையாது.
என்னைக் கேட்டால் "பரவாயில்லை" என்றிருப்பேன்.

அடுத்தது கரைசல்.
பன்னிரண்டு புள்ளி எட்டு எட்டு மில்லிசீமன்ஸ்
என்று புட்டியில் அச்சடித்திருக்கிறது,
இருபத்தைந்து டிகிரியில் என்று அடியில் பொடி எழுத்து.
இந்த நாட்டில் ஜூலையில் நாலைந்து நாள்
தானாக வந்துபோகும் சூடு அது.
புட்டியைக் கோட்டுக்குள் விட்டு
அக்குளில் இடுக்கிக்கொண்டு
தொட்டிகளுக்கு நடுவே இருபது நிமிடம் உலாத்துகிறேன்.
"குஞ்சு பொரிக்கிறாயா, உர்வே?" என்கிறான் கௌபோ.

முதல் கோப்பை அலசிக் கொட்டுவதற்கு.
இரண்டாவதுதான் கணக்கு.
குமிழி ஒட்டாதபடி சாய்த்து இறக்குகிறேன்.
எண் ஏறுகிறது, தடுமாறுகிறது, நிற்கிறது:
பன்னிரண்டு புள்ளி எட்டு எட்டு.
இம்மி பிசகவில்லை.

அங்கேதான் சந்தேகம் தட்டியது.
மூன்று மாதம் காரத்தில் வெந்தது
இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்காது.
புட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.
மூடியின் கழுத்தில் வெள்ளையாக
உப்பு பூத்திருந்தது.

நவம்பரில் திறந்த புட்டி.
டிசம்பரில் அதையே நம்பினேன், ஜனவரியிலும்.
தண்ணீர் சொல்லாமல் ஆவியாகிப் போக
உப்பு தங்கிவிட்டது.
அது கெட்டியாகக் கெட்டியாக
மாதாமாதம் உணரியின் காதைத் திருகி
இதுதான் சரி, இதையே சொல் என்று
பழக்கியிருக்கிறேன் நான்.
லேபிளில் திறந்தவர் கையெழுத்து:
என்னுடையது.

புதுப் புட்டி. மறுபடி அக்குள்.
மறுபடி இருபது நிமிடம், கௌபோ சிரிக்கவில்லை.
பன்னிரண்டு புள்ளி மூன்று ஒன்று.

இருப்பதைவிடக் குறைத்தே சொல்லிவந்திருக்கிறது.
அதை நம்பி பம்பும் ஒவ்வொரு கழுவலுக்கும்
ஒரு கை கூடுதலாகவே சோடா ஊற்றியிருக்கிறது.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
பாலாடைக்கட்டி பாலாடைக்கட்டியாகவே இருந்தது.

"உப்புப் பெறாத விஷயம்," என்கிறான் கௌபோ,
"பதிவேட்டில் சரி என்று போட்டுவிடு."
விஷயமே உப்புதானடா, என்றேன்.

திருத்தும் முன்: 12.31.
திருத்திய பின்: 12.88.
காரணம் என்ற கட்டம் ஒரு விரல் அகலம்.
"மூடி" என்று எழுதினேன்.
இடம் மீதியிருந்தது. "நான்" என்று சேர்த்தேன்.

பழைய புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தபோது
முதல் லாரி வாசலில் ஹாரன் அடித்தது.
அக்குள் இன்னும் குளிர்ந்துகொண்டிருந்தது.