இரண்டாவது ஜோடி

கச்சான் திரும்பிவிட்டது.
நாட்காட்டி வேண்டாம்,
மருந்து கலக்கும் மேசையில்
பஞ்சு தானாக நகர்கிறது.

சன்னலை அடைத்தால் மூச்சு முட்டும்.
திறந்தால் காற்று
குப்பிக்குள் மூக்கை விடும்.
ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் பெட்டி ஒன்று
வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது,
மதுரையில் நிற்பதாகக் கடைசித் தகவல்.
அதுவரை நான்தான் அந்தப் பெட்டி.

கீழக்கரை ஆஸ்பத்திரி, மாடி, நாலு நாற்காலி.
செவ்வாய்க்கிழமை சிவப்பு மருந்து.
ரோஸ்மில்க் மாதிரி என்று யாரோ சொன்னார்கள்.
அதற்குப் பிறகு நான் ரோஸ்மில்க் குடிக்கவில்லை.

கையுறை இரண்டு ஜோடி, ஒன்றின்மேல் ஒன்று.
சுவரில் ஒட்டிய தாளில் இருக்கிறது.
ஸ்டோரில் கேட்டால்
"ரெண்டு கைதானே சிஸ்டர்" என்கிறார் மரியதாஸ்.
அவர் கணக்கில் தப்பில்லை.

சாயங்காலம் நாக்கில் ஆணி ருசி.
நகரைக் குழம்பும் ஆணியாகவே இறங்குகிறது.
மசக்கை என்று வீட்டில் சொல்லலாம்,
வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை.
சொன்னால் மாற்றிவிடுவார்கள், தாளில் அதுவும் இருக்கிறது.
மாற்றினால் இந்த மேசைக்கு ஜெசிந்தா வருவாள்.
ஜெசிந்தா ஆறு வருடமாக
ஓரியூருக்கு நேர்ந்துகொண்டு நடக்கிறாள்.

கழிவறை கழுவும் பூமயிலுக்கு
தாளும் கிடையாது.
சிவந்து கிடக்கும் தண்ணீரைப் பார்த்து
"பீட்ரூட் தின்னுருக்கும் போல" என்றாள் ஒருநாள்.
என்னவென்று சொன்னேன்.
கேட்டுக்கொண்டு
துடைப்பத்தை மற்றக் கைக்கு மாற்றினாள்.
அவ்வளவுதான்.

இன்று மூன்றாம் நாற்காலியில்
சின்ன ஏர்வாடி நாகரத்தினம்.
முப்பது வருடம் மூச்சடக்கி மூழ்கி
மரிக்கொழுந்துப் பாசி பறித்தவர்.
ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பவில்லை,
என் கையையே பார்த்தார்.
பெருவிரல் நுனியில் உறை கிழிந்திருந்தது.
நான் கவனிக்கவில்லை.

"எனக்குள்ள போறதத் தொட நீ உறை மாட்டுற.
அப்ப இது சும்மாத் தண்ணியில்ல."

கொஞ்சநேரம் கழித்து,
"பாறை அறுக்கும்னு நாங்க
சீலைத்துணியக் கிழிச்சு விரலுக்கு விரல் சுத்திக்குவோம்.
அறுத்தா ரத்தம் வரும், தெரியும்.
இது தெரியாதுல்ல?"

தெரியாது என்றேன்.

ஊசியில்லாத கையால் முந்தானையை எடுத்து
பல்லில் வைத்துக் கிழிக்கப் போனார்.
வேண்டாம்க்கா, துணியில ஊறும், அது இன்னும் மோசம்.
"அப்ப என்னதான் சுத்துறது?"
என்றார், உண்மையாகவே கேட்பவர் போல.

பதிவேட்டில் எழுதினேன்:
மருந்து ஏறியது. கசிவு இல்லை.
கையுறை கிழிசல், வலது பெருவிரல், 11.40
என்று எழுத இடம் தேடினேன்.
கட்டங்கள் எல்லாம் நோயாளிக்கு.
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.
அதன் கீழே பூமயில்.
ஜெசிந்தா என்று தொடங்கி, அடித்துவிட்டு,
எட்டு என்று ஓர் எண்,
வாரம் என்று சேர்க்காமல்.

கச்சான் பக்கத்தைப் புரட்டப் பார்த்தது.
கத்தரிக்கோலை எடுத்து மேலே வைத்தேன்.