வெற்று எடை

எம்.ஐ.எஸ். தாளுக்கு உள்மதிப்பீடு இருபது மதிப்பெண்.
நாங்கள் மூவர் ஒரு குழு:
படம் வரைய ஜிஷ்ணு,
எழுத நான்,
தரவு கொண்டுவர அன்சார்.
கொழிஞ்சாம்பாறைக் கல்லூரியில் பகலெல்லாம் தூங்குகிறவன்,
வேலந்தாவளம் எடைமேடையில் இரவெல்லாம் விழித்திருப்பவன்.

பென்டிரைவில் ஒரு வருடத்தைக் கொண்டுவந்தான்.
பதினோராயிரத்துச் சொச்சம் வரிகள்.
வண்டி எண், நேரம், சரக்கு,
வெற்று எடை, மொத்த எடை, நிகரம்.
தேங்காய் என்ற ஒரு சொல்லை
ஏழு விதமாக அடித்து வைத்திருந்தார்கள்
மலையாளத்தில் இரண்டு, தமிழில் மூன்று,
இங்கிலீஷ் எழுத்தில் இரண்டு.
ஏழையும் ஒன்றாக்க ஒரு வாரம்.
கணவாய்க் காற்று விடுதி ஜன்னலை
விடாமல் அறைந்துகொண்டிருந்த வாரம் அது.

தரவு அரிசி, தகவல் சோறு
என்பார் ரெம்யா மிஸ்.
கல் பொறுக்குவதற்கு அந்தப் பாடத்தில்
தனி அத்தியாயமே உண்டு.
பொறுக்கினேன்.

ஒரு வண்டி மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை.
தேங்காய் மட்டை ஏற்றும் மஞ்சள் முகப்பு லாரி.
வெற்று எடை நாலாயிரத்து இருநூற்றுப் பத்து,
என்றைக்கும் அதே.
செவ்வாயும் வெள்ளியும் மட்டும்
நாலாயிரத்து இருநூற்று அறுபது.
சேறாக இருக்கும், என்றான் ஜிஷ்ணு.
டீசல், என்றேன் நான்.
வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஒட்டும் சேறு எது என்று
இரண்டு பேருமே யோசிக்கவில்லை.
நாற்பத்தோரு வரிகளைச் சிவப்பாக்கி
பிழை என்று எழுதி
நீக்கினேன்.

முடிவுரையில் ஒரு வாக்கியம், எனக்கே பிடித்த வாக்கியம்:
"மார்ச் ஒன்பதுக்குப் பிறகு இவ்வண்டியின் தரவுத் தரம்
குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டுள்ளது."
ஜிஷ்ணு அதற்கு ஒரு பச்சைக் கோடு வரைந்தான்,
ஏறாமல் இறங்காமல்
நேராகப் போகும் கோடு.

பதினாலாவது ஸ்லைடில்
அன்சார் முதல்முறையாக வாய் திறந்தான்.
"அது பிழை இல்ல மிஸ்.
தெய்வானை."

டிரைவர் ஆறுச்சாமியோட சம்சாரம்.
டயாலிசிஸ், கோயம்புத்தூர்ல.
பஸ்ல நிக்க முடியல, கேபின்ல கூட்டிட்டுப் போவார்.
எடை போடுறப்ப எல்லாரும் இறங்கணும், அதான் விதி.
நான் இறங்கச் சொல்லல.

வெறும் வண்டியில் இருந்தாள்,
மட்டை ஏற்றிய பிறகும் இருந்தாள்.
மொத்தத்திலிருந்து வெற்றைக் கழிக்கும்போது
அவளிலிருந்து அவளே கழிந்துவிட்டாள்.
நிகரத்தில் ஒரு கிலோ மாறவில்லை,
மட்டை வாங்கியவனுக்கும் நஷ்டமில்லை.
மார்ச் ஒன்பது பற்றி
வகுப்பில் யாரும் கேட்கவில்லை.
மின்விசிறிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடு, என்றார் மிஸ்.
எடுத்தேன்.
பதினெட்டு கிடைத்தது.
நீக்கிய நாற்பத்தொன்றைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி
யாரும் சொல்லவில்லை,
நானும் சேர்க்கவில்லை.
பரீட்சையில் முதல் கேள்வி:
தரவுக்கும் தகவலுக்கும் வேறுபாடு எழுதுக.
அரிசி, சோறு என்று எழுதினேன்.
ஐந்துக்கு ஐந்து வந்திருக்கும்.

போன வாரம் ஊருக்குப் போகும் வழியில்
வேலந்தாவளத்தில் இறங்கினேன்.
மேடையில் ஏறி நில்லு பார்க்கலாம், என்றான் அன்சார்.
நான் ஐம்பத்து மூன்று கிலோ.
திரை ஐம்பது என்றது.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் இது,
லாரிக்கு அது போதும்.

அப்படியானால்
கோயம்புத்தூரில் ஊசி வழியே இறக்கிவைத்துவிட்டு
அவள் லேசாகத் திரும்பிவந்த இரவுகளில்
அந்த மூன்று கிலோ நீர்
எந்தப் பத்தியிலும்

பின்னால் செங்கல் லாரி ஹாரன் அடித்தது.
இறங்கு, என்றான் அன்சார்.